என் படுக்கையைச் சுற்றி ஒரு வகுப்பு

பக்கவாதம் வந்தபோது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலாயா சுதந்திரம் அடைந்த மறு வருஷம் அது. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஓடிக்கொண்டிருந்த கை பாதி வரியில் நின்றது. சுண்ணக்கட்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. மேசையைப் பிடித்தபடி சரிந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். "ஒன்றுமில்லை, உட்காருங்கள்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் சத்தம்தான் வந்தது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அழத் தொடங்கினாள். மற்றவர்கள் அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கை, வலது கால் இரண்டும் யாருடையவோ போலக் கிடந்தன. மற்றவர்கள் சொல்வது எனக்குப் புரிந்தது. அது அவர்களுக்குத் தெரியவில்லை. டாக்டர் என் மனைவியிடம், "பேச்சு போச்சு, இனிமேல் திரும்புமா என்று சொல்ல முடியாது" என்றார். டாக்டருக்கு உதவியாக இருந்த டிரஸ்சர் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார். நான் படுத்துக்கொண்டே இரண்டு தடவை அதைக் கேட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் தாதிமாருக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பயிற்சி கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயச் சிஸ்டர். நடுவயது, ஒல்லி, வேகமான நடை. பக்கவாதக்காரர்களை அசையாமல் படுக்கப்போட்டு வைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். சிஸ்டருக்கு அது பிடிக்காது. படுக்கையைச் சுற்றி ஐந்தாறு பயிற்சிப் பெண்களை நிறுத்திக்கொண்டு, என்னைக் காட்டிப் பாடம் நடத்துவார். பாதம் தொங்கிவிடாமல் பலகை வைத்து முட்டுக்கொடுப்பது எப்படி, முதுகு புண்ணாகாமல் புரட்டுவது எப்படி, செயலிழந்த தோளுக்குக் கீழே தலையணை வைப்பது எப்படி. ஆங்கிலம் எனக்கு ஓரளவு தெரியும். நானும் பாடம் கேட்டேன்.

ஒருநாள் ஒரு பெண் என்னைத் தூக்கி உட்காரவைக்க வலது கையைப் பிடித்து இழுத்தாள். தோளில் மின்னல் வெட்டியது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினேன்.

சிஸ்டர் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. அவளுடைய கையையே முதுகுக்குப் பின்னால் மெல்ல வளைத்து, வலிக்கும் இடத்தில் நிறுத்தினார்.

"இதை விடு என்று உன்னால் சொல்ல முடியும். அவரால் சொல்ல முடியாது. கையைப் பிடித்து யாரையும் தூக்காதே."

அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குச் சிஸ்டர் மேல் மரியாதையும் பயமும் சேர்ந்தே வந்தன.

என்னைத் தனியாகக் கவனிக்க ஒரு பயிற்சிப் பெண்ணை ஒதுக்கினார்கள். சுத்தத் தமிழ்ப் பெயர், நெற்றியில் சின்னப் பொட்டு. தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்; தமிழ் நோயாளிக்குத் தமிழ் மிஸ்ஸி என்று சிஸ்டர் கணக்குப் போட்டிருந்தார். அவள் முதல் நாள் என்னைத் துடைத்துவிடும்போது வாயே திறக்கவில்லை. மறுநாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து மலாயில் சொன்னாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தமிழ் தெரியாது. பேரைப் பாத்து இங்க போட்டுட்டாங்க. சிஸ்டர்கிட்ட சொல்லப் பயமா இருக்கு."

அவள் மலாக்காச் செட்டிப் பெண்; பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வம்சம். எங்கள் காஜா பெராங்கில் என் வீட்டுக்குப் பின்னாலேயே அவர்கள் குடியிருக்கும் கம்பம். சாமி கும்பிடுவதும் பொங்கல் வைப்பதும் நம்மைப் போலத்தான். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். என் அம்மா காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பள்ளிக்கூடம் சேரும்வரை நான் அந்தக் கம்பத்துப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டவன். எனக்கு முதலில் வந்த பேச்சு எது என்று கேட்டால் இன்றைக்கும் சட்டென்று சொல்ல முடியாது.

அவள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நோய் வந்தபிறகு முதல் சிரிப்பு. இடது பக்கம் மட்டும் சிரித்திருக்கும். அவள் மிரண்டுபோனாள். பிறகு அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் என்னைப் புரட்டும்போதும் துடைக்கும்போதும் மெல்லிய குரலில் மலாயில் பேசிக்கொண்டே இருப்பாள். கிணற்றடிச் சண்டை, பக்கத்து வீட்டுக் கோழி, கோயில் திருவிழாவுக்கு வாங்கிய சேலை. பதில் வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

என் மனைவி பிற்பகலில் வருவாள். அவள் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சந்தையில் விலை கேட்குமளவுக்குத்தான் மலாய் தெரியும். ஒருநாள் வார்டு புழுக்கமாக இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வேண்டும் என்று அவளிடம் சொல்ல முயன்றேன். மனசுக்குள் நான் சொன்னது "தண்ணி" என்ற சொல்லைத்தான். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"மீனும்."

அவள் துள்ளி எழுந்தாள். "என்னாங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

"மீனும்... மீனும்."

அழுதுகொண்டே ஓடிப்போனாள். மறுநாள் முந்தானைக்குள் ஒரு தூக்குச்சட்டி. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, முள் எடுத்த மீன். வார்டில் எனக்கு வெளிச் சாப்பாடு கூடாது. மிஸ்ஸி எதிர்ப் படுக்கையில் வேலையாக இருந்தாள். என் மனைவி ஒரு கவளத்தை எடுத்து என் வாயில் வைத்தாள். ஆசையோடு வைத்தாள். வாசனை எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

சோறு வலது கன்னத்துக்குள் போய்த் தங்கியது. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது கவளமும் வந்தது. தொண்டை அடைத்தது. இருமல் வரவில்லை; மூச்சும் வரவில்லை. இடது கையால் படுக்கையை அடித்தேன். என் மனைவி, "மெதுவா, மெதுவா" என்று நெஞ்சைத் தடவினாள்.

தூக்குச்சட்டி உருண்ட சத்தத்தில்தான் மிஸ்ஸி திரும்பினாள். ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நிமிர்த்தி, முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். ஏதோ தெறித்தது. விரலை விட்டுக் கன்னத்துக்குள் இருந்த சோற்றையும் மீனையும் வழித்தெடுத்தாள். காற்று உள்ளே போன சத்தம் எனக்கே பயங்கரமாகக் கேட்டது.

சிஸ்டரும் டிரஸ்சரும் வந்து நின்றபோது தரையெல்லாம் குழம்பு.

"யார் சாப்பாடு கொடுத்தது? யார் பொறுப்பில் இருந்தது?"

"என் பொறுப்பில்தான், சிஸ்டர்" என்றாள் மிஸ்ஸி.

என் மனைவி டிரஸ்சரைப் பார்த்துக் கதறினாள். "அவருதான் கேட்டாருங்க! மீனும் வேணும், மீனும் வேணும்னு வாயத் தொறந்து கேட்டாரு. நோவு வந்ததுலேருந்து அவரு பேசுன ஒரே வார்த்தை. எப்படிங்க குடுக்காம இருப்பேன்?"

டிரஸ்சர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது 'மீனும்' என்ற சொல்லை அப்படியே சொன்னார். மிஸ்ஸியின் முகம் மாறியது. மீனும் என்றால் மலாயில் குடிப்பது. அவள் என்னிடம் குனிந்து கேட்டாள்.

"மாமா, மாவ் மீனும்? குடிக்க வேணுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணில் நீர் கொட்டியது. என் நாக்கு பேசிய மொழியை அவள்தான் எனக்கே சொன்னாள். அதுவரை எனக்கும் தெரியாது.

"இவருக்குப் பேச்சு இருக்கு, சிஸ்டர். மலாயில் வருது."

"தமிழ் ஆசிரியருக்கா?" என்று சிஸ்டர் புருவத்தை உயர்த்தினார். தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் என்னைப் பார்த்து என் பேரைக் கேட்டார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். டிரஸ்சர், பக்கத்துப் படுக்கைக்காரர், என் மனைவி எல்லாரும். ஒரு சொல்லும் எழவில்லை. கதவை உள்ளேயிருந்து யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. சிஸ்டர் காத்திருந்தார். பிறகு மிஸ்ஸியிடம் திரும்பினார்.

"நீ ஆசைப்படுவதைச் சொல்லாதே. கண்டதைச் சொல்." மேலும் சொன்னார்: "கோலாலம்பூரிலிருந்து உங்களுக்குப் பரீட்சை வைக்க வருகிறார்கள். இந்த நோயாளியைத்தான் உனக்குக் கொடுக்கப்போகிறேன். நீ சொல்வது உண்மையானால் அவர்களுக்குக் காட்டு."

அவள் தவறினால் அந்த வருஷப் படிப்பு வீண். அது எனக்குப் புரிந்தது. அதோடு, என் வாய் திறக்குமா திறக்காதா என்பதில் அவள் பரீட்சை மாட்டிக்கொண்டது என்பதும் புரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசமானவை. மிஸ்ஸியிடம் எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல் வந்தது. கேட்டால் வராது, அவள் வேறு வேலையில் இருக்கும்போது தானாக நழுவி வரும். கதவு, மழை, போதும், வலி. எல்லாம் மலாய். என் மனைவி வந்து உட்கார்ந்தால் தமிழில் ஒன்றுகூட வராது. ஒரு பிற்பகல் அவள் வாசலில் நின்று நாங்கள் பேசுவதைப் பார்த்துவிட்டாள். உள்ளே வந்து, மிஸ்ஸி நகரும்வரை காத்திருந்தாள்.

"அந்தப் புள்ளகிட்ட பேசுறீங்க" என்றாள் மெதுவாக. "எங்கிட்ட பேச மாட்டேங்கிறீங்க. நான் என்னா செஞ்சேன்?"

நான் இடது கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. அவளுக்குச் சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தது.

அந்த வாரமே தலைமை ஆசிரியர் பார்க்க வந்தார். நல்ல மனுஷர், ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்தார். நான் ஏதோ மலாயில் உளறினேன். அவர் என் மனைவியைத் தனியே அழைத்துப் போனதாக நினைத்துக்கொண்டார். நின்றது என் கால்மாட்டில்.

"மனசத் தேத்திக்குங்கம்மா. தமிழே இல்லாம தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிம்மா வருவாரு?"

பரீட்சையன்று காலையில் மிஸ்ஸி எனக்குச் சவரம் செய்துவிட்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. "மாமா, வரலன்னா விடுங்க. நெருக்காதீங்க, நெருக்குனா இன்னும் போயிடும்" என்றாள். சொன்ன குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

பரீட்சை வைக்க வந்த அம்மையார் வெள்ளைக்காரி, பருத்த உடம்பு, கண்ணாடி. அவர் சொல்லும் எதிலும் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. சிஸ்டர் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நோயாளி தமிழர் என்பதால் மொழிபெயர்க்க டிரஸ்சரை நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு. மிஸ்ஸி நாற்காலியை என் நல்ல பக்கத்தில் போட்டாள். என் வலது முழங்காலுக்குத் தன் முழங்காலால் முட்டுக்கொடுத்து, இடுப்பைப் பிடித்து எழுப்பினாள். கையைத் தொடவில்லை. திரும்பி, உட்கார்ந்தேன். பிறகு குளிர்ந்த கஞ்சி. சிறு சிறு வாயாக, இடது பக்கமாகக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் விழுங்கினேனா என்று தொண்டையைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அம்மையார் தலையசைக்கவும் இல்லை.

"நோயாளியின் பேச்சைப் பற்றிச் சொல்" என்றார்.

"சொல்வது புரிகிறது, மேடம். சில பொருள்களின் பெயரைச் சொல்வார்."

அம்மையார் மேசையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து என் முன்னால் நீட்டினார். "இது என்ன என்று கேளுங்கள்" என்றார் டிரஸ்சரிடம். "மாணவி பேசக்கூடாது."

டிரஸ்சர் தமிழில் கேட்டார். கரண்டியைப் பார்த்தேன். அதை எனக்குத் தெரியும். எப்படிப் பிடிப்பது, எதற்கு என்று தெரியும். பெயர் மட்டும் அடியாழத்தில் கிடந்தது. வார்டில் மின்விசிறி சுற்றும் சத்தம். மிஸ்ஸி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணிக்கொண்டு, வியர்த்து, கடைசியில் தள்ளினேன்.

"சூடு."

டிரஸ்சர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "சுடுகிறது என்கிறார், மேடம். கரண்டி என்று சொல்லவில்லை."

அம்மையார் எழுதத் தொடங்கினார். நான் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். அது அவருக்கு என்னவாகத் தெரிந்ததோ.

"மேடம்" என்றாள் மிஸ்ஸி.

"பேசக்கூடாது என்று சொன்னேன்."

"தெரியும், மேடம். ஆனால் அவர் சரியாகத்தான் சொன்னார். சூடு என்றால் மலாயில் கரண்டி."

சுவரோரத்தில் சிஸ்டர் கட்டிய கைகளை அவிழ்த்தார். அம்மையார் டிரஸ்சரைப் பார்த்தார். டிரஸ்சருக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவர் தன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஆமா மேடம், அப்படித்தான். தமிழ் வாத்தியாராச்சே, தமிழுன்னே காதுல விழுந்துச்சு."

அம்மையார் தன் கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். இந்தத் தடவை மிஸ்ஸியைக் காட்டி, "நீயே கேள். ஒரே ஒரு தடவை" என்றார்.

"மாமா, இது என்னா?"

அவள் குரல் வழக்கமான குரலாக இருந்தது. கோழியைப் பற்றியும் சேலையைப் பற்றியும் பேசுகிற குரல். நான் சாவியைப் பார்த்தேன்.

"கூஞ்சி" என்றேன்.

டிரஸ்சர் மொழிபெயர்க்கக் காத்திருக்கவில்லை. "சாவி! சரியாச் சொல்லிட்டாரு!" என்று தமிழிலேயே கத்திவிட்டார். அம்மையார் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். அடுத்த படுக்கைக்குப் போனார். சிஸ்டரும் பின்னால் போனார். ஆனால் இரண்டடி போய்த் திரும்பி வந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு மறுபடி போனார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. காலர் நேராகத்தான் இருந்தது.

மிஸ்ஸி தேர்வானாள். பரீட்சையில் வாய் திறந்ததற்காக மதிப்பெண் குறைத்தார்கள் என்று பிறகு அவளே சொன்னாள்.

நான் வீட்டுக்குக் கோலூன்றிப் போனேன். வீட்டில் பேச்சுக்கு ஆள் தேவைப்பட்டது. என் மனைவி முதலில், கொஞ்சம் தமிழ் தெரிந்த பின்வீட்டுச் செட்டி அம்மாளை அழைத்துவந்து நான் சொல்வதைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். புருஷன் சோறு கேட்பதைப் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்துகொள்வது. கொஞ்ச நாளில் அதை நிறுத்தினாள். காலையில் அந்த அம்மாளிடம் போய் மலாய் கற்றுக்கொண்டு வந்து, பிற்பகலில் என்னிடம் பேசிப்பார்ப்பாள். தப்பும் தவறுமாக. ஒருநாள் முறத்தில் அரிசி புடைத்தபடி, சொற்களை முன்பின்னாக மாற்றிப்போட்டு ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி இல்ல" என்றேன்.

முறம் நின்றது. தமிழ். நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை; பார்த்தால் போய்விடும் என்று மிஸ்ஸி சொல்லியிருக்க வேண்டும். அரிசியைப் பார்த்துக்கொண்டே அதே வாக்கியத்தை இன்னும் மோசமாகச் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாள்.

"அப்படி இல்லடி" என்றேன்.

அன்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்திருந்தேன்.

தமிழ் துண்டு துண்டாகத்தான் வந்தது. பள்ளிக்கூட வேலை போய்விட்டது. மலாக்காவின் பண்டார் ஹிலிர்ப் பகுதியில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் முதலாளி ஒருவர், "மலாய் பேசத் தெரியுதுல்ல, அது போதும்" என்று முன்பக்கம் உட்காரவைத்தார். வாடிக்கையாளர்களோடு பேசப் பேச நாக்கு இளகியது. எழுத்து இடது கைக்கு மாறியது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து, நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எனக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

சிஸ்டர் ஊருக்குத் திரும்பும்வரை, புதுப் பயிற்சிப் பெண்கள் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். போய்க் கட்டிலில் படுப்பேன். அவர்கள் என்னைத் தூக்குவார்கள், புரட்டுவார்கள். நோயாளி எந்த மொழி பேசுவார் என்று ஆளைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, சின்ன வயதில் யாரோடு விளையாடினார் என்று வீட்டாரைக் கேட்க வேண்டும் என்பதைச் சிஸ்டர் முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டார்.

கடைசி வகுப்பில் என் மனைவியைப் பார்த்து, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். அவள் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, மலாயில் தொடங்கி, போதாமல் தமிழில் முடித்தாள்.

"இவருக்கு என்னா செய்யணும், என்னா செய்யக்கூடாதுன்னு ஒங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுல பாத்துக்கப்போறவ நான். எங்கிட்ட யாரும் சொல்லல. இனிமே எங்கள மாதிரி ஆளுங்களயும் கூட நிக்கவெச்சு சொல்லுங்க."

தமிழ் தெரிந்த ஒரு பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சிஸ்டர் கட்டிலின் மறுபக்கம் வரும்படி என் மனைவியைக் கையசைத்து அழைத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பயிற்சிப் பெண்களின் வரிசையில் வந்து நின்றாள்.